பைப் மேல் பழி போடாதீர்கள்

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷெட் இருக்கிறதா? இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலாவது இருக்கும். சென்னையில் ஏதாவது ஒரு மூன்றாவது மாடியில் ஏறி நின்று பாருங்கள். நீலத்திலும் பச்சையிலும் வரிசையாகத் தகரக் கூரைகள். அவற்றுக்குக் கீழே துணி காய்கிறது, கீரைத் தொட்டி இருக்கிறது, உடம்பைக் குறைக்க வாங்கிய டிரெட்மில் சும்மா நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பர்த்டே பார்ட்டி நடக்கிறது. இத்தனையையும் தாங்குவது சதுரமான இரும்புக் குழாய். கடையில் 'ஸ்கொயர் பைப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இன்ஜினீயர்கள் 'ஹாலோ செக்‌ஷன்' என்பார்கள்.

இந்த வாரம் அந்தக் குழாய்க்கு வக்காலத்து வாங்கப் போகிறேன். கூடவே அதை விற்கிறவர், வாங்குகிறவர், பற்றவைக்கிறவர், பார்த்தும் வாயை மூடிக்கொண்டு போகிற என்னைப் போன்ற பழைய சிவில் இன்ஜினீயர்கள் எல்லார் மேலும் ஒரு குற்றப்பத்திரிகையும் உண்டு.

*

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னைக்கு வந்த தினம். மத்தியானம் எங்கள் தெருவில் நாலாவது வீட்டு மொட்டை மாடி ஷெட் அப்படியே எழுந்தது. தகரம் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனால்கூடப் புரிகிறது. இது கால்கள், குறுக்குக் குழாய்கள், தகரம் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக எழுந்து, இரண்டு வீட்டைத் தாண்டி, நிறுத்தியிருந்த ஒரு காரின் மேல் உட்கார்ந்தது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. காருக்கு மட்டும் ஆயிற்று.

மறுநாள் காலை தெருவே கூடி நின்று தீர்ப்புச் சொல்லியது.

"பைப் போட்டா இப்படித்தான் சார். உள்ளே காலி. கனமா ஐ-பீம் போட்டிருந்தா அசைஞ்சிருக்குமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எட்டுக் கால்களில் ஏழு நேராகவே இருந்தன. ஒன்று மட்டும் காரில் மோதியதில் வளைந்திருந்தது. ஒவ்வொரு காலின் அடியிலும் பேஸ் பிளேட், அதில் நாலு போல்ட், போல்ட்டோடு உடைந்து வந்த தட்டோடு, கொஞ்சம் சுண்ணாம்பு. மேலே பார்த்தால் குழாயும் குழாயும் சேருகிற ஐந்தாறு இடத்தில் பற்று விட்டிருந்தது. விட்ட இடத்தில் குழாயின் விளிம்பு புத்தம் புதிதாக இருந்தது. அதாவது நாலு பக்கமும் பற்றவைக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொட்டு வைத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

குழாய் உடையவில்லை. குழாய் மடங்கவில்லை. அதைப் பிடித்திருந்தவை எல்லாம் கையை விட்டுவிட்டன. ஆனால் கெட்ட பெயர் குழாய்க்கு.

*

'உள்ளே காலி' என்பது நம் ஊரில் திட்டு. அந்த நினைப்பில்தான் இந்தக் குழப்பம் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், பயப்படாதீர்கள்.

40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கெட்டி இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளம் ஏறக்குறைய 10 கிலோ. அதே 10 கிலோ இரும்பைக் குழாயாக இழுத்தால், 3.6 மில்லிமீட்டர் சுவர் உள்ள நாலு இஞ்ச் பைப் ஒரு மீட்டர் கிடைக்கும். எடையும் இரும்பும் ஒன்றுதான். ஆனால் வளைவை எதிர்க்கிற விறைப்பு எவ்வளவு தெரியுமா? கம்பியைப்போல 15 மடங்கு. காரணம், வளையும்போது நடுவில் இருக்கிற இரும்புக்கு வேலை குறைவு. வெளி ஓரத்தில் இருப்பதுதான் உழைக்கிறது. ஆகவே சும்மா இருப்பதை நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

(அதற்காக 15 மடங்கு பாரம் ஏற்றலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஓர் எல்லைக்கு மேல் இரும்பே நசுங்கிவிடும். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் தூண் நடுவில் வளைந்து ஒடிவதைத் தடுப்பதில்தான் குழாய் கெட்டிக்காரன்.)

முறுக்குவதை எதிர்ப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிசு. காலண்டர் சுருட்டி வருகிற அட்டைக் குழல் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. இப்போது பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டு மறுபடி முறுக்குங்கள், துணி பிழிகிற மாதிரி சுழலும். அட்டை அதே அட்டைதான். மூடியிருந்த வட்டம் திறந்துவிட்டது, அவ்வளவுதான். மேலே சொன்ன நாலு இஞ்ச் பைப்பில் இதே மாதிரி ஒரு கீறல் போட்டால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு சுமார் 700-ல் ஒரு பங்காகக் குறையும். 'கனமான ஐ-பீம்' என்று நம் தெரு சிபாரிசு செய்ததே, அது திறந்த வடிவம். ஒரு திசையில் வளைவதை எதிர்ப்பதில் அதற்கு ஈடு கிடையாது. பாலத்துக்கும் பெரிய ஹாலின் உத்தரத்துக்கும் அதுதான் சரி. பக்கவாட்டில் காற்று அடிக்கிற ஒல்லித் தூணுக்கு, எந்தத் திசையில் தள்ளினாலும் எதிர்த்து நிற்கும் குழாய்தான் சரி.

இது புது விஷயம் இல்லை. 1638-ல் வெளியான தன் புத்தகத்திலேயே கலிலியோ பறவை எலும்பையும் நாணலையும் காட்டி, உள்ளீடற்ற குழல் அதே எடையுள்ள கெட்டித் தண்டைவிட வலுவானது என்று விளக்கியிருக்கிறார். நமக்கு கலிலியோ வரை போகவேண்டாம், மூங்கில் போதும். பந்தல்காரர் சவுக்கையும் மூங்கிலையும் தோளில் வைத்துப் பார்த்தே எதை எங்கே நடுவது என்று சொல்லிவிடுவார். நாம் ஏறி மிதிக்கிற சைக்கிளின் உடம்பு முழுக்கக் குழாய்தானே? அதில் ஒரு மூட்டை அரிசி, முன்னால் ஒரு பையன், பின்னால் ஒரு சம்சாரம் என்று போன காலம் உண்டு. அப்போது யாரும் "உள்ளே காலி" என்று சொல்லவில்லை.

*

இனி குற்றப்பத்திரிகை. முதல் குற்றவாளி, காற்றை மறந்த நம் மனசு.

ஷெட் போடப் போகிறவர் மேலிருந்து கீழே வரும் பாரத்தைத்தான் நினைக்கிறார். "தகரம் என்ன கனம் சார்? இந்தப் பைப் தாங்காதா?" தாங்கும். அது பிரச்னையே இல்லை. தகரக் கூரைக்கு எமன் கீழிருந்து மேலே வருவான்.

கட்டடங்களுக்கான காற்று விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம். அதன்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. உங்கள் ஷெட் 20 அடிக்கு 30 அடி என்றால் 56 சதுர மீட்டர். பெருக்குங்கள், 8 டன்னுக்கு மேல். எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுக்காது. ஓரங்களில் அதிகம், நடுவில் குறைவு, கூரையின் சாய்வைப் பொறுத்தும் மாறும். ஆனால் தோராயமாக அந்த அளவுதான்.

ஷெட்டின் சொந்த எடை? தகரம், குழாய், நட்டு, போல்ட், மேலே ஒதுங்குகிற காக்கா எல்லாம் சேர்த்து ஒரு டன்கூட வராது. ஒரு டன் சாமானை எட்டு டன் விசை மேலே இழுக்கிறது. இதற்குப் பெயர் கூரை இல்லை, பட்டம். நூல் எங்கே என்றுதான் கேட்கவேண்டும்.

எட்டுக் கால் இருந்தால் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய ஒரு டன் இழுப்பைத் தாங்கிப் பிடித்தாக வேண்டும். நம் மாடியில் அந்தக் கால் எதில் நிற்கிறது? மேலே தட்டோடு, அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று நாலு அங்குலம், அதற்கும் கீழேதான் கான்கிரீட் தளம். நம் வெல்டர் போடுகிற நாலு அங்குல போல்ட் தட்டோட்டையும் சுண்ணாம்பையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கான்கிரீட்டை அது தொடவே இல்லை. ஏன் ஆழமாகப் போடவில்லை என்று கேட்டால், "தளத்துல ஓட்டை போட்டா ஒழுகும் சார், ஓனர் திட்டுவாரு" என்கிறார். ஓனர் நிஜமாகவே திட்டுவார். ஆகவே மழை ஒழுகக்கூடாது என்பதற்காக ஷெட் பறக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.

வர்தாவின் காற்று நூறு கிலோமீட்டரைத்தான் தாண்டியது. விதி கேட்கிற 180-ஐ அது எட்டவில்லை. அதாவது நமக்கு நடந்தது மாடல் எக்ஸாம். அதிலேயே ஃபெயில்.

*

இரண்டாவது குற்றவாளி, கேஜ் என்ற மாயம்.

கடையில் "எத்தனை கேஜ்?" என்பார்கள். 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் 1.6, 18 கேஜ் என்றால் 1.2. எண் ஏற ஏற குழாயின் சுவர் மெலிகிறது என்பதே வாங்குகிற பாதிப்பேருக்குத் தெரியாது. விலை எடைக்குத்தான். எனவே மெலிந்தது மலிவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு இஞ்ச் குழாய் இரண்டு இஞ்ச் குழாய்தான். பெயிண்ட் அடித்துவிட்டால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

இரும்புக் குழாய்க் கட்டுமானத்துக்கென்று நம் நாட்டில் ஐ.எஸ். 806 என்று ஒரு விதி வெகு காலமாக இருக்கிறது. வெயில் மழையில் நிற்கிற குழாயின் சுவர் 4 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, பிரைமரும் பெயிண்டும் முறையாக அடித்தால் 3.2 வரை வரலாம் என்கிறது அது. நம் மாடிகளில் நிற்பதோ பெரும்பாலும் 1.6-ம் 2-ம். கடற்கரையிலிருந்து ரெண்டு கிலோமீட்டரில், உப்புக் காற்றில், பாதித் தடிமன். துரு வருஷத்துக்குக் கொஞ்சமாகத் தின்றாலும் தின்பதற்கு இருப்பதே அவ்வளவுதான்.

தராசு பொய் சொல்லாது. இரண்டுக்கு இரண்டு இஞ்ச் சதுரக் குழாய், 20 அடி நீளம், 3.2 மில்லிமீட்டர் சுவர் என்றால் 27 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். 1.6 என்றால் 15 கிலோகூட வராது. அடுத்த தடவை கடையில் ஒரே ஒரு குழாயைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள், முள்ளைப் பாருங்கள்.

இன்னொன்று. கட்டுமானத்துக்கான சதுர, செவ்வகக் குழாய்க்கு ஐ.எஸ். 4923 என்று தனித் தரம் உண்டு. அதில் ஒய்.எஸ்.டி. 210, 240, 310 என்று வகைகள். அந்த எண்தான் இரும்பு எவ்வளவு இழுப்புக்கு மேல் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதைச் சொல்கிறது. கேட்டுக்கும் கட்டிலுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் விற்கிற குழாயில் அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. அதே கடை, அதே அடுக்கு, அதே கறுப்பு நிறம். நீங்கள் கேட்கவில்லை என்றால் அவர் சொல்லப்போவதும் இல்லை.

*

மூன்றாவது குற்றவாளி, இணைப்பு.

குழாய்க் கட்டுமானத்தில் குழாய் மாப்பிள்ளை. மூட்டு சம்பந்தி. மாப்பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கல்யாணம் சம்பந்தியிடம்தான் மாட்டும். மெல்லிய சுவர் உள்ள குழாயின் நடு முகத்தில் இன்னொரு சின்னக் குழாயைக் கொண்டுபோய் ஒட்டி இழுத்தால், பெரிய குழாயின் முகம் பிஸ்கட் டின் மாதிரி உள்ளே அமுங்கும், வெளியே பிதுங்கும். பற்று நன்றாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் தாங்குகிற குழாய்க்குத் தடித்த சுவரும், வந்து சேருகிற குழாய்க்கு மெல்லிய சுவரும், ஆனால் கிட்டத்தட்ட அதே அகலமும் இருக்கவேண்டும் என்கிறார்கள். இதற்காகவே உலகத்துக் குழாய்த் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 1962-ல் சிடெக்ட் என்று ஓர் அமைப்பு வைத்து, வருஷக்கணக்காகக் குழாய்களை உடைத்து உடைத்துப் பார்த்து, புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நம் தெருமுனைப் பட்டறையில் அந்த இடத்தை நிரப்புவது இரண்டு டாக். "டாக் போதும் சார், மேல தகரம் பிடிச்சுக்கும்." தகரத்தைக் குழாய் பிடிக்கவேண்டுமா, குழாயைத் தகரம் பிடிக்கவேண்டுமா?

சின்னப் பற்று என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1980 மார்ச் 27, வட கடலில் நார்வேயின் எண்ணெய் வயல். அலெக்ஸாண்டர் கீலண்ட் என்கிற ஐந்து கால் மிதவை மேடை, எண்ணெய்த் தொழிலாளர்களுக்கு மிதக்கும் விடுதியாக இருந்தது. அன்று மாலை காற்றிலும் அலையிலும் ஒரு கால் கழன்று போய், மேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் செத்துப் போனார்கள். விசாரித்தார்கள். கால்களைப் பிணைத்த குழாய்களில் ஒன்று, 2.6 மீட்டர் விட்டம், அதில் தண்ணீருக்குள் ஒலி கேட்கிற ஒரு கருவியை மாட்டுவதற்கு ஒரு சின்னத் தாங்கியை வைத்து 6 மில்லிமீட்டர் பற்று போட்டிருந்தார்கள். அந்தப் பற்றில் ஒரு வெடிப்பு. அது அலைக்கு அலை வளர்ந்து, பெரிய குழாயையே சுற்றி அறுத்துவிட்டது. முக்கியமில்லாத சாமான்தானே என்று யாரோ அலட்சியமாகப் போட்ட பற்று. குழாயில் முக்கியமில்லாத பற்று என்று ஒன்று கிடையாது.

*

நான்காவது, மழைத் தண்ணீர். குழாயின் வாயைத் திறந்தபடி விட்டால் உள்ளே தண்ணீர் போகும், உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியில் பளபளவென்று பெயிண்ட் இருக்கும். ஒருநாள் விரலால் தட்டினால் விரல் உள்ளே போகும். அதே ஐ.எஸ். 806, வாயை முழுக்க மூடு, மூடும் முன் உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பார் என்கிறது. மூடிவிட்டால் உள்ளே இருக்கிற கொஞ்சம் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் துரு தானே நின்றுவிடும். ஒரு தகட்டுத் துண்டு, இரண்டு நிமிஷம், அரை ராடு. இதுகூட நம்மால் முடியவில்லை. பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் செருகி விடுகிறோம். அடுத்த வெயிலில் அது வெடித்து விழுந்துவிடும்.

*

இந்த நாலையும் சொன்னால் எனக்குக் கிடைக்கிற பதில்களும் நாலு.

"இருபது வருஷமா இப்படித்தான் போடறேன் சார், ஒண்ணும் ஆகலை." ஆகாதது உங்கள் திறமையாலா, காற்று வராததாலா? ஹெல்மெட் போடாமல் இருபது வருஷம் ஓட்டியவரும் இதையேதான் சொல்வார், ஒருநாள் வரைக்கும்.

"இன்ஜினீயருக்கு ஃபீஸ் வேற குடுக்கணுமா?" தகரம் என்ன கலர் என்று தேர்ந்தெடுக்க ரெண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழிக்கிறீர்கள். லட்சக்கணக்கில் போடுகிறீர்கள். எத்தனை கால், எவ்வளவு தடிமன், என்ன போல்ட் என்று ஒரு தாளில் எழுதி வாங்குவதற்குக் கொடுப்பது மட்டும் தண்டம்.

"அப்படியெல்லாம் பார்த்தா ஏழை ஜனங்க கூரை போட முடியுமா?" இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏழை வீட்டுக் கூரை பறந்தால் பறப்பது அவருடைய மொத்த வீடு. அவருக்குத்தான் சரியான போல்ட் முதலில் வேண்டும். நாலு போல்ட்டை நீளமாகவும் ஆழமாகவும் போடுவதற்கு ஆகும் அதிகச் செலவு, கூரை மேல் கட்டுகிற எல்.ஈ.டி. சரவிளக்கைவிடக் குறைவு.

"எதுக்கு வம்பு, ஐ-பீமே போட்டுடலாம்." தாராளமாகப் போடுங்கள். அதையும் தட்டோட்டில் நாலு அங்குல போல்ட்டால் நிறுத்தினால் அதுவும் எழுந்து போகும். கூடுதல் எடையோடு பக்கத்து வீட்டில் இறங்கும்.

*

ஸ்காட்லாந்தில் இரண்டு பாலங்கள். கதை பழசு, ஆனால் நமக்காகவே நடந்த மாதிரி இருக்கும்.

முதல் பாலம் டே நதி மேல். அதன் உயரமான தூண்களும் உள்ளீடற்ற குழாய்கள்தான், வார்ப்பிரும்பில் செய்தவை. வடிவமைத்த தாமஸ் பவுச், காற்றுக்கென்று தனியாகக் கணக்கு எதுவும் போடவில்லை. வார்ப்பில் விழுந்த ஓட்டைகளை மெழுகும் இரும்புத் தூளும் கலந்த ஒரு மசாலாவால் அடைத்து மூடியிருந்தார்கள். தூண்களைக் குறுக்கே பிணைத்த கம்பிகள், தூணோடு சேர்த்து வார்த்த காதுகளில் மாட்டியிருந்தன. 1879 டிசம்பர் 28 இரவு, புயலில், ரயில் போய்க்கொண்டிருக்கும்போதே பாலத்தின் நடுப்பகுதி விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணையில் பார்த்தால், விட்டுப்போனவை அந்தக் காதுகள். இணைப்புகள்.

இரண்டாவது பாலம் கொஞ்சம் தெற்கே, ஃபோர்த் கழிமுகத்தில். அதையும் பவுச்தான் கட்டுவதாக இருந்தது. டே விழுந்ததும் அவருடைய திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஃபவுலரும் பேக்கரும் புதிதாக வடிவமைத்தார்கள். இந்தத் தடவை சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம் என்று கணக்கு வைத்தே தீரவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நம் அளவில் சதுர மீட்டருக்கு 270 கிலோவுக்கு மேல். அமுக்கத்தைத் தாங்கும் பெரிய உறுப்புகளுக்கு அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? குழாய். 12 அடி விட்டமுள்ள எஃகுக் குழாய், உள்ளே ஆள் நடந்து போகலாம். 1890-ல் திறந்த அந்தப் பாலத்தில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது.

இரண்டும் உள்ளே காலியான குழாய். ஒன்றில் கணக்கில்லை, இணைப்பில் கவனமில்லை, ஓட்டையை மூடி மேலே பூச்சு. இன்னொன்றில் எல்லாமே இருந்தது. 1879-க்கும் 1890-க்கும் நடுவில் 11 வருஷத்தில் ஒரு நாடு பாடம் கற்றுக்கொண்டது. வர்தா வந்து எத்தனை வருஷமாயிற்று என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

*

நாம் என்ன செய்யலாம்? பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம்.

அரசாங்கத்திடம் ஒன்று கேட்கலாம். 10-க்கு 10, 20-க்கு 20, 20-க்கு 30 என்று நாலைந்து அளவுகளில் மாடி ஷெட்டுக்கு மாதிரி வரைபடம். கடலோரத்துக்கு ஒன்று, உள்ளூருக்கு ஒன்று. எந்தக் குழாய், என்ன தடிமன், எத்தனை கால், போல்ட் எவ்வளவு ஆழம் என்று தமிழில், படம் போட்டு, இலவசமாக. இன்ஜினீயரிங் கல்லூரிகள் நிறைந்த மாநிலம் இது. ஒரு கல்லூரியின் ஃபைனல் இயர் மாணவர்கள் ஒரு செமஸ்டரில் செய்து முடிக்கக்கூடிய வேலை, பேராசிரியர் ஒருவர் சரிபார்த்தால் போதும். நம் வெல்டர்கள் மக்குகள் இல்லை. கண்ணால் பார்த்தே அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சொல்கிறவர்கள். அவர்களிடம் யாரும் காற்றைப் பற்றிப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் நீங்கள் என்றால் ஐந்து கேள்வி கேளுங்கள். குழாயில் ஐ.எஸ். 4923 முத்திரை இருக்கிறதா? தராசில் எடை சரியா? கால்கள் தட்டோட்டை உடைத்து, கீழே கான்கிரீட் உத்தரத்தின் மேல் நிற்கின்றனவா, போல்ட் கான்கிரீட்டுக்குள் போகிறதா? (உடைத்த இடத்தில் ஒழுகாமல் திரும்பப் பூசத் தெரிந்த மேஸ்திரி எல்லா ஊரிலும் உண்டு.) மூட்டுகளில் நாலு பக்கமும் பற்று இருக்கிறதா? குழாயின் வாய்கள் தகடு வைத்து மூடியிருக்கின்றனவா? ஐந்தையும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு கடவுளுக்குத்தான் தெரியும்.

*

நாலாவது வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவில்லையே. வர்தா போன மூன்றாவது வாரம் அவர் ஷெட்டைத் திரும்பப் போட்டுவிட்டார். அதே வெல்டர், அதே குழாய், அதே நாலு அங்குல போல்ட். கொஞ்சம் தள்ளி, உடையாத தட்டோடாகப் பார்த்துப் புது ஓட்டை. நான் மாடி ஏறிப் போய்ச் சொன்னேன்.

"சார், நீங்க படிச்சவங்க, ரொம்ப யோசிக்கிறீங்க. அந்த மாதிரி புயல் இனிமே அம்பது வருஷத்துக்கு வராது சார்" என்றார். காபி கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம். இன்னும் ரெண்டு தடவை ஏறிச் சொல்லியிருக்கவேண்டும்.

இப்போது அந்த ஷெட்டில் சாயங்காலம் அவருடைய மருமகள் டியூஷன் எடுக்கிறார். இருபது இருபத்தைந்து பிள்ளைகள் வருகிறார்கள். வாய்ப்பாடு சொல்கிற சத்தம் என் பால்கனி வரைக்கும் கேட்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றடிக்கும்போது நான் வாய்ப்பாட்டைக் கேட்பதில்லை, தகரத்தின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர். தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்து கோபப்படுவார். படட்டும். நாளைக்குக் காலை மறுபடி மாடி ஏறப் போகிறேன், இந்தத் தடவை கையில் ஸ்பேனரோடு. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, எவ்வளவு நீளம் என்று அவருக்குக் காட்டினால் போதும்.